தலாமோவாவுக்குப் போன பத்தாவது தலை

தலைமையாசிரியை லேசினா பத்துத் தலையுள்ள ஒரு பொம்மையைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள். உயிரியல் என்று நினைத்து மாதக்கணக்காக உயிரியல் அலமாரியில் வைத்திருக்கிறோம்."

சிட்னியின் பென்டில் ஹில்லில், மளிகைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அலுவலகத்தில் மூன்று பேர் ஒரு போனைச் சுற்றித் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தலை துப்பறிவாளர் யோகாவுடையது. காப்புறுதி நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் மேலதிகாரியின் பொய்யையும் பிடித்துவிட்டதால் வேலை போய், இந்தத் துப்பறியும் கடையைத் திறந்தாள். இரண்டாவது, உதவியாளன் சஞ்சய். திருச்சிக்காரன். அவனுக்கும் ஐ.டி. வேலை போயிருந்தது, வாய் மட்டும் போகவில்லை. மூன்றாவது, இன்று காலை கதவு திறக்கும் முன்பே வாசலில் காத்திருந்த விக்னராஜா. 'பசிபிக் கல்விக் கரம்' என்ற சங்கத்தின் செயலாளர். நேற்று வரைக்கும் செயலாளர். இன்று திருடன்.

தலாமோவா, பசிபிக் வரைபடத்தில் அச்சுப்பிழை மாதிரித் தெரியும் ஒரு தீவு நாடு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அமைத்துத் தருகிறோம் என்று சங்கம் மார்ச் மாதம் ஒரு கன்டெய்னர் அனுப்பியது. நுண்ணோக்கிகளும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடும் போயிருக்க வேண்டிய ஐந்து பெட்டிகளில் பொம்மைகள் போயிருந்தன. கடந்த வாரம் விக்னராஜாவே போன் போட்டு விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"தப்பாக வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?" யோகா கேட்டாள்.

லேசினா சிரித்தார். "எங்களுக்கு முப்பது வருடமாக உதவி வருகிறது, யோகா. ஒரு தடவை பனிச்சறுக்குக் காலணி வந்தது. எங்கள் ஊரில் பனி என்றால் ஐஸ்கிரீம் பெட்டியின் உள்சுவர்தான். இன்னொரு தடவை குதிரை வளர்ப்புப் புத்தகம், பெட்டி முழுக்க அதே புத்தகம். எங்களிடம் குதிரை கிடையாது. தப்பு என்று எழுதினால் அடுத்த வருடம் எதுவுமே வராது. அதனால் நன்றி என்று எழுதுவோம். கை பழகிவிட்டது."

அவருக்குப் பின்னால் ஒரு மாணவி பொம்மைகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இவள் நர்ஸ் ஆகப் போகிறாள்," என்றார் லேசினா.

"டாக்டர்," என்று திருத்தினாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

"வெள்ளிக்கிழமை அமைச்சின் ஆய்வாளர் படகில் வருகிறார். கருவிகள் இல்லையென்றால் மேல்வகுப்பு அறிவியலை மூடிவிடுவார்கள். அப்புறம் தலைநகர்த் தீவில் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். பையன்களை அனுப்புவார்கள். பெண்களை அனுப்ப மாட்டார்கள்."

அத்தோடு இணைப்பு அறுந்தது.

யோகா போனைக் கவிழ்த்து வைத்தாள். "வன்னியில எங்கட பள்ளிக்கூடத்துக்கும் ஒருக்கா உதவி வந்தது. நீச்சல் கண்ணாடி. போட்டுக்கொண்டு கிணத்தடியில குளிச்சம். அதையும் ஒரு வெள்ளைக்காரன் போட்டோ பிடிச்சவன்."

"அதான் உங்களுக்கு எல்லாம் தெளிவாத் தெரியுதாக்கா?" என்றான் சஞ்சய்.

"வாயை மூடடா. அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ. பெட்டியைக் கட்டினது ஆர்?"

"நான்தான் பிள்ளை. என்ரை கையால கட்டி, காலமை தலைவர் கிருஷ்ணசாமியின்ரை வீட்டு வாசல்ல இறக்கிப்போட்டு வேலைக்குப் போனனான். சங்கத்தின்ரை பெட்டியள் எல்லாம் ஒரே மாதிரி. அங்கை போய்ச் சேர்ந்த பெட்டியிலயும் தலைவரின்ரை சிரிச்ச முகம் போட்ட ஸ்டிக்கர் இருக்கு. உள்ளுக்கை பொம்மை. நான் மைக்ராஸ்கோப்பைக் களவெடுத்துப்போட்டுப் பொம்மையை அடைஞ்சனான் எண்டு தலைவர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில போட்டிட்டார்." அவர் கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அது கிடக்கட்டும். இண்டைக்குப் பின்னேரம் சரக்குப் பிளேன் போகுது. அடுத்தது அடுத்த கிழமைதான். அதுக்கிடையில சாமானைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ."

"மூஞ்சி ஒட்டின பெட்டிக்குள்ள பொம்மை இருந்திருக்கு," என்றான் சஞ்சய். "இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?"

பள்ளிக்கூடத்தில் பொம்மைகளை எடுத்து அனுப்பியிருந்த வீடியோ விக்னராஜாவிடம் இருந்தது. அதை அவன் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினான். சிரிப்பு நின்றது.

"அக்கா, இது சும்மா பொம்மை இல்ல. கொலு."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"எங்கம்மா காதுல விழுந்தா உங்களை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. நவராத்திரிக்குப் படி கட்டி அடுக்கறது. இதோ செட்டியார் கடை வெச்சிருக்கார். இது கல்யாண செட். இது கிரிக்கெட் செட்."

"எங்கட வீட்டில நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிறதோட சரி. சரி, நல்லாப் பார். இதில வேற எந்த வீட்டிலயும் இல்லாதது என்ன?"

சஞ்சய் ராவணனின் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். ஒன்பது தலையில் கிரீடம். பத்தாவதில் பச்சைத் தொப்பி. மீசையும் இல்லை, மூக்கில் வெள்ளைக் களிம்பு. பக்கத்திலேயே கிரிக்கெட் செட்டில், மட்டையோடு நிற்கும் ஆட்டக்காரருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை.

"உடைஞ்ச ராவணன் தலைக்குப் பதிலா பேட்ஸ்மேன் தலையை ஒட்டியிருக்காங்க! அக்கா, இந்தத் தலையை நான் நேர்லயே பார்த்திருக்கேன்."

"எங்கை?"

"அதான் ஞாபகம் வரல. நவராத்திரி ஒன்பது நாளும் நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன். தினம் மூணு வீடு. 'அழகா இருக்கு ஆன்ட்டி'ன்னு ஒரு வார்த்தை, கையில ஒரு கப் சுண்டல். வீடெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அப்ப வீட்டை விடு," என்றாள் யோகா. "சுண்டலைச் சொல்லு. இந்தத் தலையைப் பாத்துக்கொண்டு நீ என்ன சாப்பிட்டனீ?"

சஞ்சய் கண்ணை மூடினான். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தான்.

"ராஜ்மா."

"என்ன?"

"ராஜ்மாச் சுண்டல். ஊரெல்லாம் கொண்டைக்கடலை, பட்டாணி. ஒரே ஒரு வீட்டுல மட்டும் ராஜ்மா, அதுவும் டின்ல வர்ற ராஜ்மா. கடலையை ஊற வைக்க நேரமில்லாத வீடு." கண்ணைத் திறந்தான். "அக்கா, கிருஷ்ணசாமி சார் வீடு. பத்மா ஆன்ட்டி கை."

விக்னராஜா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "தலைவரின்ரை பொம்மையோ? அவர் இந்த வீடியோவை மூண்டு தரம் போட்டுப் பாத்தவர்! தன்ரை வீட்டுப் பொம்மை தனக்குத் தெரியாதோ?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. சஞ்சய், கடைசிக் கேள்வி. இதில இருக்க வேண்டியது எது இல்லை?"

அவன் வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டினான். "மரப்பாச்சி. மரத்துல செஞ்ச ஆண் பொம்மை, பெண் பொம்மை. கல்யாணத்துக்கு அம்மா வீட்டுல கொடுக்கறது. படியில முதல்ல ஏர்றது அதுதான். மண் பொம்மை உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். இது அப்படி இல்ல."

யோகா கார்ச் சாவியை எடுத்தாள். "அப்ப பெட்டி தவறுதலா மாறேல்லை. ஆரோ தனக்கு உயிரான சோடியை எடுத்து வைச்சுப்போட்டு, மிச்சத்தைத் தெரிஞ்சே அனுப்பியிருக்கினம். வாங்கோ."

*

பக்கத்துப் புறநகரான கிராவீனில், அந்த வீட்டு முகப்பில் 'கல்விக்குக் கரம் கொடுப்போம்' என்ற பேனர் தொங்கியது. எழுத்தைவிடக் கிருஷ்ணசாமியின் முகம் பெரிது.

அதே முகம் கதவைத் திறந்தது. விக்னராஜாவைக் கண்டதும் சுருங்கியது.

"என்ன யோகா, இந்த ஆளுக்கு வக்காலத்தா?"

"இல்லை அங்கிள், கொலு பாக்க வந்தனாங்கள்."

"ஆகஸ்ட்லயா?"

"உங்கட கொலு இப்ப எங்கை இருக்கு?"

"கராஜ்ல, பெட்டியில. எங்க போகும்? வெஸ்டர்ன் சிட்னியிலேயே பெரிய கொலு எங்களோடது. இருபது வருஷம். கவுன்சிலர் எல்லாம் வந்து போட்டோ எடுத்துட்டுப் போவாங்க."

"தலாமோவாவுக்குப் போன பொம்மையளைப் பாத்தனீங்கள்தானே?"

"பார்த்தேனே. மட்டமான சரக்கு. பெயின்ட்கூட உரிஞ்சு கிடக்கு. யாரோ தூக்கிப் போட்டதைப் பொறுக்கி அனுப்பியிருக்கார் இந்த மனுஷன்."

"உங்கட கொலுவில ராவணன் இருக்கோ?"

"இருப்பான். பெரிய கொலுவாச்சே."

"அவனின்ரை பத்தாவது தலையில என்ன தொப்பி?"

கிருஷ்ணசாமி சமையலறைப் பக்கம் பார்த்தார். இருபது வருடம் அந்தப் படிகளின் முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்தவர். எல்லாப் போட்டோவிலும் படிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. கதவருகே பத்மா வந்து நின்றார். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

"அன்ரி, மரப்பாச்சி எங்கை?" யோகா மெதுவாகத்தான் கேட்டாள்.

பத்மாவின் கண் ஒரு கணம் பூஜை அலமாரிக்குப் போய்த் திரும்பியது. அங்கே பட்டுத் துணி சுற்றிய இரண்டு சின்ன மர உருவங்கள் நின்றன.

"நான்தாம்மா அனுப்பினேன்," என்றார் பத்மா. "ஆனா அது திரும்பி வந்துடுச்சு."

"என்னது திரும்பி வந்துடுச்சு?"

"கொலு. அஞ்சு பெட்டியும். அனுப்பின அன்னிக்கே சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து பார்த்தா, கராஜ்ல அதே ரேக்ல உட்கார்ந்திருக்கு."

சஞ்சய் இரண்டு அடி பின்னால் போனான். "கடலைத் தாண்டி, அன்னிக்கே ரிட்டர்னா? ஆன்லைன்ல வாங்கின சட்டைக்கே ரெண்டு வாரம் ஆவுதே."

"பத்மா, என்ன உளர்றே?" கிருஷ்ணசாமியின் குரல் உயர்ந்தது.

பத்மா அவரைப் பார்க்காமல் யோகாவிடமே பேசினார். "ஒன்பது நாள். வேலை விட்டு வந்து, படி கட்டி, சுண்டல் பண்ணி, நூறு பேருக்கு வெத்தலை பாக்கு கொடுத்து, அவங்க செருப்பை ஒழுங்கா அடுக்கி வைக்கறதுகூட நான்தான். இவர் ஒரு பொம்மையைத் துடைச்சதில்ல. இனிமே வேண்டாம்னா, ஆரம்பிச்ச கொலுவை நிறுத்தக்கூடாதுங்கறார். சாமி பொம்மையைக் குப்பையில போடவும் முடியாது. படிக்கற பிள்ளைங்களுக்கு அனுப்பினா சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டான்னு தோணித்து. சங்கத்துப் பெட்டி நிறையக் கிடந்துது. கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, கன்டெய்னர் பக்கத்துல வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். ஆய்வுக்கூடச் சாமானோட அதுவும் போகும்னுதாம்மா நினைச்சேன், சத்தியமா. திரும்பி வந்து பார்த்தா பெட்டி ரேக்ல, ஒட்டின ஸ்டிக்கரைக்கூட உதறிட்டு. அம்மன் போக மாட்டேன்னு வந்துட்டாள்னு பயந்துட்டேன். அன்னிலேருந்து தினமும் விளக்கு ஏத்தறேன்."

"அங்கை பெட்டியில பொம்மை வந்தது எண்டு கேள்விப்பட்ட பிறகுமோ?"

"திருட்டுப் போச்சுன்னு மட்டும்தான் இவர் சொன்னார். வீடியோவை என்கிட்ட காட்டலையே."

"கராஜைத் திறவுங்கோ," என்றாள் யோகா.

உருளைக் கதவு மேலேறியது. நல்லெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. சங்கத்தின் மடக்கு நாற்காலிகளுக்கும் பழைய பேனர்களுக்கும் நடுவே ஒரு இரும்பு ரேக். அதில் ஐந்து பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், வாடிய பூ. முன்னால் ஒரு அகல் எரிந்து கருகியிருந்தது. மேல்தட்டில் புகைக்கரி.

"மேய்ஸ் ஹில் கோயில்லயே இவ்வளவு கவனிப்பு கிடையாது," என்றான் சஞ்சய்.

"அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல!" கிருஷ்ணசாமி வெடித்தார். "நான்தான் தூக்கி வெச்சேன். கன்டெய்னர் கிளம்பினப்புறம் டிரைவ்வேல அஞ்சு பெட்டி கிடந்துது. ஸ்டிக்கர் இல்லாதது வீட்டுச் சாமான்தானே? ரேக்ல கொலு இடம் காலியா இருந்துது. கொலு பெட்டியை வெளிய போட்டுட்டுப் போயிருக்காளேன்னு ஏத்தி வெச்சேன். நான் செஞ்ச ஒரு வேலை, அதுக்கும் திட்டா?"

யோகா நிதானமாகத் திரும்பினாள். "ஸ்டிக்கர் எத்தினை அடிச்சனீங்கள்?"

"பெட்டிக்கு ஒண்ணு, கணக்கா. ஏத்தறப்ப ஒட்டறதுக்குன்னு வாசல்ல வெச்சிருந்தேன்."

"ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை ஏத்தக்கூடாது எண்டு சொன்னது ஆர்?"

"நான்தான். இல்லேன்னா ஆளாளுக்குப் பழைய கோட்டைத் திணிப்பாங்க."

"அன்ரி அஞ்சு ஸ்டிக்கரை எடுத்து பொம்மைப் பெட்டிக்கு ஒட்டியாச்சு. அப்ப உங்கட மூஞ்சி இல்லாமல் மிஞ்சின அஞ்சு பெட்டி எது அங்கிள்?"

விக்னராஜா ரேக்கை நோக்கி நடந்து, ஒரு பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவினார். "இது என்ரை முடிச்சு," என்றார். "நான் நாடாவுக்கு மேல கயிறும் போடுறனான்."

"அப்போ இத்தனை மாசமா," சஞ்சய் அகலைக் காட்டினான், "ஆன்ட்டி மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு ஏத்திட்டு இருந்திருக்காங்க."

கிருஷ்ணசாமி ரேக்கின் குறுக்கே வந்து நின்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் அதைச் சொன்னது. "நவராத்திரிக்கு முன்னாடி கொலு பெட்டியைத் திறக்கக்கூடாது. தெய்வக் குத்தம். அக்டோபர்ல பார்த்துக்கலாம்."

"அக்டோபரிலயோ?" யோகாவுக்குப் பொறுமை அறுந்தது. "உங்கட மானம் அக்டோபர் வரைக்கும் இருக்கும் அங்கிள். அங்கை வகுப்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருக்கும். டாக்டர் ஆகப்போறன் எண்டு ஒரு பெட்டை உங்கட ராவணனைத் தூசி தட்டிக்கொண்டு நிக்கிறாள். தள்ளுங்கோ."

தள்ளியது யோகா இல்லை. பத்மா. கையில் சமையலறைக் கத்தரிக்கோல்.

கணவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, கன்னத்தில் ஒருதரம் போட்டுக்கொண்டு, கயிற்றை நறுக்கினார். மூடி விரிந்தது. உள்ளிருந்து ஒரு வெள்ளை எலும்புக் கை நழுவி வெளியே வந்து, கிருஷ்ணசாமியின் வயிற்றைத் தொட்டு நின்றது.

அவர் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"கரம் கொடுப்போம்னு பேனர்லயே போட்டிருந்தீங்களே சார்," என்றான் சஞ்சய். "கொடுத்திருச்சு."

பத்மா இரண்டாவது பெட்டியைப் பிரித்து, ஒரு நுண்ணோக்கியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று யோகா நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். "நாள் முழுக்க இதுலதான் கண்ணை வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். வீட்டுக்கு வந்து இதையேதான் கும்பிட்டிருக்கேன். என் தலையெழுத்தைப் பாரு."

மற்றப் பெட்டிகள் காருக்குள் ஏறின. எலும்புக்கூடு மட்டும் மறுபடி பெட்டிக்குள் மடங்க மறுத்தது. பத்மா போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, அதன் நெற்றியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார்.

"ஆன்ட்டி, அது பிளாஸ்டிக்."

"இருக்கட்டும்டா. இத்தனை நாள் வேண்டிக்கிட்டேன். வெறும் நெத்தியோட எப்படி அனுப்பறது?"

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" கிருஷ்ணசாமி பேனரைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். "ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. அப்புறம் பொம்மையை நவராத்திரிக்குள்ள திருப்பி அனுப்பச் சொல்லணும்."

"முதல்ல வாட்ஸ்அப்," என்றாள் யோகா, ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி. "விக்னராஜா அங்கிள் களவெடுக்கேல்லை எண்டு போடுங்கோ. போடாட்டி நான் போடுறன். எலும்புக்கூடு உங்களைத் தொட்ட வீடியோ சஞ்சயிட்டை இருக்கு."

உண்மையில் அப்படி வீடியோ எதுவும் இல்லை. சஞ்சய் போனைத் தட்டிச் சிரித்தான். கிருஷ்ணசாமி டைப் செய்தார்.

"பொம்மை திரும்பி வராது," என்றார் பத்மா அவரிடம். "இந்த வருஷம் மரப்பாச்சி ரெண்டு மட்டும்தான். நூறு பேரைக் கூப்பிடறதா இருந்தா ராஜ்மா டின் அலமாரியில இருக்கு. திறக்கக் கத்துக்குங்க."

விக்னராஜா பின்சீட்டில் எலும்புக்கூட்டைப் பக்கத்தில் உட்கார்த்தி சீட் பெல்ட் போட்டார். விமான நிலையம் போகும் வழியெல்லாம், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பக்கத்துக் கார்க்காரர்கள் பொட்டு வைத்த மண்டையோட்டைப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். சரக்குக் கவுன்டர் மூடும்போது கடைசியாக உள்ளே போனது அதன் கால்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் யோகாவின் போனில் லேசினாவின் குரல்பதிவு வந்தது. பின்னணியில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அறிவியல் வகுப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது, யோகா. நம் டாக்டர் முதல் நுண்ணோக்கியை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஆய்வாளர் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எலும்புக்கூட்டின் நெற்றியில் ஏன் சிவப்பு என்று. கொடுத்தவர்களின் நிபந்தனை என்று சொன்னேன். அவரும் முப்பது வருடமாக உதவிப் பெட்டிகளைப் பார்க்கிறவர்தானே. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை."